சூப்பர்சார்ஜருக்கு ஆயில் மாற்றிய ஞாயிறு

போன வாரம் வண்டியைச் சர்வீஸுக்கு விட வேளச்சேரிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பழைய வேனின் கியர்பாக்ஸைத் திறந்தார்கள். உடனே அந்த நாற்றம் வந்தது. கந்தகமும் கருகிய வெங்காயமும் சேர்ந்தாற்போல, மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். காத்திருந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பில் போடும் பெண் என்னைப் பார்த்து, "ஏன் மேடம் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. என் ஃபிரெண்ட் ஞாபகம் வந்திடுச்சு."

இந்த நாற்றத்தில் ஞாபகத்துக்கு வரக்கூடிய சிநேகிதி எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அந்தச் சிநேகிதியான நீ மேடையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து வயலின் வாசித்தவள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச இத்தனை நாள் எனக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளேன்.

உங்கள் வீட்டுக் காரை நினைத்துப் பார்க்கிறேன். கருநீல நிறத்தில், உங்கள் மந்தைவெளிச் சந்தின் அகலத்துக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில், ஒரு ஜப்பான் கார். உன் வீட்டுக்காரர் மூர்த்தி சார் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது அதுவும் கப்பலில் கூடவே வந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் மாருதியும் நின்ற தெருவில் அதை நிறுத்தினால், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒருமுறை கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் ராஜா மாதிரி ஓட்டியவர் சென்னைக்கு வந்ததும் ஸ்டியரிங்கைத் தொட மறுத்துவிட்டார். "இந்த ஊர்ல ஓட்ட ஹாரன் அடிக்கத் தெரிஞ்சா போறும். எனக்கு அது வராது" என்றார். அதன் பிறகு நீதான் ஓட்டினாய். அவர் இடது பக்கம் உட்கார்ந்து, பஸ் குறுக்கே வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு பாகம் உண்டு என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும் ஒரு பம்பு அது. சும்மா போகும்போது தூங்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் விழித்துக்கொண்டு மெல்லிதாக ஒரு சத்தம் போடும். வேகம் கூடக் கூட அந்தச் சத்தமும் மேலே ஏறும்.

"பாடறதுடி அது. ஷட்ஜத்துலேர்ந்து வழுவழுன்னு ஏறி, நான் காலை எடுத்தா அப்படியே எறங்கி வர்றது. எவ்வளவு அழகான கமகம் பாரேன்" என்பாய். அடையாறு பாலத்தின் மீது எதிரே பஸ் இல்லாத நேரம் பார்த்து, எனக்காக ஒரு முறை அழுத்திக் காட்டுவாய். எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கும். மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த காது என்னுடையது. கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஆடி மாதம். என்னைக் கல்லூரி வாசலில் ஏற்றிக்கொண்டாய். கிரீன்வேஸ் சாலையில் வண்டி காலியாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று அழுத்தினாய்.

"கேக்கறதா?"

"என்ன?"

"சத்தம். பிசிறு தட்டறது. ஜலதோஷம் பிடிச்சவா பாடற மாதிரி."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு."

நீ மறுபடியும் அழுத்தினாய். மறுபடியும் கேட்டாய். நான் மறுபடியும் இல்லை என்றேன். உன் முகம் சுண்டிப் போனது. ஒரு காரின் சத்தத்துக்கு இவ்வளவு கவலையா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மூர்த்தி சாருக்கும் கேட்கவில்லை. மெக்கானிக் தாஸிடம் கொண்டுபோனோம். தாஸ் உன்னைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, பாண்டி பஜார் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்து, மூடினார்.

"இன்னா சத்தம்மா? வண்டி சோக்கா கீது. இப்பத்தான் ஆயில் மாத்திக் குட்த்தேன்."

"எஞ்சின் இல்லை தாஸ், அந்தப் பம்புலேர்ந்து வர்றது."

"அந்த ஐட்டத்த நான் இந்த ஊர்ல வேற எந்த வண்டிலயும் பாத்ததில்லம்மா. தொறந்தேன்னு வையி, ஒரு வாஷர் ஒடஞ்சா கப்பல்லதான் வரணும். ஓடிக்கினு கீற வண்டிய இன்னாத்துக்குக் கையவெச்சி..." என்று கும்பிடு போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூர்த்தி சார் சொன்னதை நீ மறுநாள் அப்படியே நடித்துக் காட்டினாய். "சத்தம் கார்ல இல்லை. உன் காதுலதான் இருக்கு. நாள் முழுக்க அந்தப் பிடிலைக் கழுத்துல வெச்சுண்டிருந்தா வேற என்ன கேக்கும்?" அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருந்தார். நடித்துக் காட்டிய நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்ததும், "நாளைக்கு எங்கூட ஒரு எடத்துக்கு வரயா?" என்று கேட்டாய்.

அது காது டாக்டரின் கிளினிக். அதற்கு முன்பே ஒரு முறை தனியாக வந்திருக்கிறாய் என்பது உள்ளே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். இடக் காதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன. வயலின் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் இப்படி வருவதுண்டு. இப்போதைக்குக் கொஞ்சம்தான். எவ்வளவு சீக்கிரம் கூடும் என்று சொல்ல முடியாது. இல்லாத சத்தம் இருப்பதுபோல் கேட்கலாம், பயப்பட வேண்டாம்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். நீ சாவியைப் போடவில்லை.

"சாரு, டிசம்பர் கச்சேரிக்கு சபாவுலேர்ந்து கேட்டுண்டே இருக்கா. நான் இன்னும் பதில் சொல்லலை."

"ஏன்? டாக்டர் கொஞ்சம்தான்னு சொன்னாரே."

"எவ்வளவு கொஞ்சம்னு எனக்குத் தெரியணும். ஸ்ருதி பிசகினா மொதல்ல எனக்குத் தெரியணும்டி. சபைக்குத் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் மேடையில உக்காரக் கூடாது." நீயே தொடர்ந்தாய். "அந்தப் பிசிறு கார்லேர்ந்து வர்றதா, காதுலேர்ந்து வர்றதா? கார்லேர்ந்துன்னா, உங்க யாருக்கும் கேக்காததை நான் கேட்டிருக்கேன். காதுலேர்ந்துன்னா, நான் இத்தனை நாளா இல்லாததைக் கேட்டுண்டிருக்கேன்."

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"டாக்டர் விஷயமா? இல்லை. அவர் ஒரேயடியா பயந்துடுவார். மொதல்ல எனக்குத் தெரியட்டும்."

மேடையில் எத்தனை பெரிய வித்வான் பாடினாலும் அசராமல் பின்தொடர்ந்து வாசிக்கிறவள், அன்று ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் தோளில் கை வைத்தேன்.

காரோடு வந்த கையேட்டை உட்கார்ந்து படித்தது நாம்தான். அந்தப் பம்புக்குள் இரண்டு பற்சக்கரங்கள் சுற்றுகின்றன, அவை முழுகிக் கிடக்கத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு, எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அதில் போட்டிருந்தது. நீ மூர்த்தி சாரிடம் கேட்டாய். "அதுக்குன்னு தனி எண்ணெயா? சிங்கப்பூர்ல கம்பெனிக்காரன் பார்த்துண்டான். எனக்கென்ன தெரியும்?" என்றார். இங்கே வந்த பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. எண்ணெய் குறைந்தால் பற்கள் காய்ந்து உரசும், உரசினால் சத்தம் மாறும் என்று நான் சொன்னபோது உன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய்.

மூர்த்தி சாரின் பழைய சகா ஒருவர் ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அந்த எண்ணெயைக் கொண்டுவந்தார். இருமல் மருந்து பாட்டில் அளவுதான் இருந்தது. பாட்டிலைப் பார்த்ததும் மூர்த்தி சார் உஷாராகிவிட்டார். "தாஸே வேண்டாம்னுட்டான். நீ அதைத் திறக்கற வேலையெல்லாம் வெச்சுக்காதே" என்று உத்தரவு போட்டார். நீ "சரின்னா" என்றாய். அந்த "சரின்னா"வுக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருட தாம்பத்தியத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தி. நகரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியதும் எனக்கு ஃபோன் வந்தது. "பெரிய ஊசி வாங்கிண்டு வந்துடு. மருந்து ஏத்தற டியூப் கொஞ்சம். சீக்கிரம்." பழைய எண்ணெயை வடித்துவிட அடியில் ஓட்டை கிடையாது. மேலே இருக்கும் சின்ன மூடித்திருகைக் கழற்றி, அந்த வழியாகத்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அனுதாபத்தோடு கேட்டார். "கார்" என்றால் என்ன நினைப்பாரோ என்று, சொந்தக்காரங்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ பழைய நூல்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போர்ட்டிகோவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். பக்கத்தில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில், துணி, ஸ்பானர்கள். அவ்வளவு பெரிய எஞ்சினில் அந்தச் சின்னத் திருகைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுபிடித்தால், அசையவில்லை. நான் முக்கிப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"தள்ளு, நான் பார்க்கறேன்" என்றாய்.

"வேண்டாம். விரல்ல அடிபட்டா?"

இன்ஷூர் செய்ய வேண்டிய விரல்கள் என்று உன் கச்சேரி நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். தேங்காய்கூட உன்னை உடைக்கவிட மாட்டார் மூர்த்தி சார். நீ உன் இடக் கையை விரித்து ஒரு நிமிஷம் பார்த்தாய்.

"காது இல்லாம விரலை வெச்சுண்டு என்னடி பண்றது?" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரின் முனையில் துணியைச் சுற்றி, காலைப் பம்பரில் ஊன்றி ஒரு இழு இழுத்தாய். "டிக்" என்று ஒரு சத்தம். திருகு இளகிவிட்டது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு எனக்கு நேரே ஆட்டிக் காட்டினாய்.

பிறகுதான் அந்த நாற்றம் வந்தது. நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா, என்னடி இது, பெருச்சாளி ஏதாவது செத்துக் கிடக்கா உள்ள?" என்றாய். கந்தகம் சேர்த்த எண்ணெய் அப்படித்தான் நாறும் என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்ததும், "க்ளாஸ் அப்புறம். மொதல்ல உறிஞ்சு" என்றாய். நீ டியூபை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ள, நான் ஊசியை இழுத்தேன். கறுப்பாக, டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. இன்னொரு முறை இழுத்தேன், கொஞ்சம் வந்தது. அதற்குப் பிறகு காற்றுதான். கையேட்டில் சொன்னதில் பாதிகூட இல்லை. நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட் திறந்தது. மூர்த்தி சார். பட்டுவேஷ்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. எண்ணெய்க் கையோடு நிற்கும் மனைவியையும், ஊசி பிடித்து நிற்கும் என்னையும், திறந்து கிடக்கும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு அதிரப் போகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இவ்வளவுதான் இருந்ததா?"

"இவ்வளவுதான்" என்றாய்.

"அப்போ உனக்கு நெஜமாவே கேட்டிருக்கு."

"ஆமாம்."

தாம்பூலப் பையை வாசல்படியில் வைத்தார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தார். புது எண்ணெயை ஊசியில் எடுத்து, ஓட்டையின் விளிம்பைத் தொடும் வரை நீ கொஞ்சம் கொஞ்சமாக விட்டாய். அவர் குனிந்து வெளிச்சம் காட்டிக்கொண்டே, "போறும் போறும், வழியப் போறது" என்று ஒவ்வொரு சொட்டுக்கும் பதறினார். மூடித்திருகை அளவாக இறுக்கி, துடைத்து, பானெட்டை மூடினாய். பட்டுவேஷ்டியில் விழுந்த கறை கடைசி வரைக்கும் போகவில்லை என்று பின்னால் ஒரு நாள் சொன்னாய்.

அப்படியே மூன்று பேரும் கிளம்பினோம். நான் பின் சீட்டில். கிரீன்வேஸ் சாலை வரை மெதுவாகவே ஓட்டினாய். பாலம் வந்ததும் அழுத்தினாய். கார் பாய்ந்தது. மூர்த்தி சார் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சுவிடாமல் உன் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயிடுத்து" என்றாய். "சாரு, போயிடுத்துடி! வழுவழுன்னு இருக்கு!"

நீ சிரித்தாய். அடையாறு முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினாய். பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் அழுத்துவதும் விடுவதுமாக, அந்தச் சத்தத்தோடு கூடவே நீயும் ஆலாபனை பண்ணிக்கொண்டு வந்தாய். மூர்த்தி சார் கண்ணைத் திறந்து, "இது என்ன ராகம்?" என்று கேட்டார். "கார்ஹரப்ரியா" என்றாய். அந்த மொக்கை ஜோக்குக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடற்கரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாய். கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். வெளியே ஒருவர் பட்டம் விற்றுக்கொண்டு போனார், அவர் குரல்கூட உள்ளே வரவில்லை. அந்த அமைதியில் நீ தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சிரிப்பு மெல்ல மெல்ல உன் முகத்திலிருந்து இறங்கியது.

"இன்னும் கேக்கறது" என்றாய்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. "வண்டிதான் ஆஃப் ஆயிடுத்தே?"

"இது வண்டி இல்லை. மெல்லிசா ஒண்ணு. வண்டி சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுண்டு இருந்திருக்கு. இடது காதுல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். டாக்டரை, வரைபடத்தை, சபாவுக்குப் பதில் சொல்லாமல் வைத்திருந்ததை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாய். அவர் முழுவதையும் கேட்டார். நீ பயந்ததுபோல் அவர் பதறவில்லை. கடலைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"அது எந்த ஸ்வரம்?"

சங்கீதத்தில் அரிச்சுவடி தெரியாத மனுஷர். அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ திகைத்துப் போய் அவரைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக் கவனித்தாய். உன் விரல் தொடையில் தானாகவே தந்தியைத் தேடியது.

"மேல் நிஷாதம். அதுக்கும் ஒரு நூல் கீழே."

"அப்போ அது பொய்ன்னு உனக்குத் தெரியறதோல்லியோ? நிஷாதம் எங்கே இருக்குன்னு தெரியாட்டா, ஒரு நூல் கீழேன்னு எப்படிச் சொல்லுவே?"

நீ அழுதது அப்போதுதான். அவர் உன் எண்ணெய்க் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அது பாட்டுக்கு அது இருக்கட்டும். நீ பாட்டுக்கு நீ வாசி" என்றார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சுண்டல் வாங்கும் சாக்கில் வெகுநேரம் மணலில் நின்றேன்.

மறுநாள் சபாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாய். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாய். மேடையில் எப்போதும்போல் பாடுகிறவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார மாட்டேன், சற்றே சபைப் பக்கம் திரும்பி உட்காருவேன் என்றாய். அப்போதுதான் வலக் காது பாடுகிறவர் பக்கம் இருக்கும். காரணத்தை, அந்தக் கச்சேரியில் பாடவிருந்த அம்மாளிடம் மறைக்காமல் சொன்னாய். "எனக்கென்ன ஆட்சேபணை? உனக்கு எப்படி வசதியோ அப்படி உட்காரு" என்றாராம் அவர்.

அந்த டிசம்பர்க் கச்சேரிக்கு மூர்த்தி சாரும் நானும் முன்வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தோம். எந்தக் கச்சேரியிலும் வர்ணம் முடிவதற்குள் தூங்கிவிடுகிறவர், அன்று முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ராகத்தைப் பாடி உன்னிடம் விட்டார். நீ வில்லை எடுத்தாய். கொஞ்ச நேரம் கழித்து மூர்த்தி சார் என் பக்கம் சாய்ந்து, "நன்னா வாசிக்கறாளா?" என்று கிசுகிசுத்தார்.

"எனக்கென்ன சார் தெரியும்?"

"எனக்கும்தான் தெரியாது. யாரையாவது கேக்கணும்போல இருக்கு" என்றார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. நீ முடித்தபோது பாடுகிற அம்மாளே வாய்விட்டு "பலே" என்றார்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் வாசித்தாய். ஒரு கட்டத்தில் வலக் காதும் மங்கத் தொடங்கியபோது, யாரும் சொல்வதற்கு முன் நீயே மேடையை விட்டாய். அதில் உனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்சுதான் நிறுத்தினேன்" என்று சொல்லும்போது உன் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. காரை அதற்கு முன்பே விற்றுவிட்டீர்கள். கடைசிக் காலத்தில் உன்னிடம் பேச நான் கத்த வேண்டியிருந்தது. "மெதுவாப் பேசுடி, தெருவுக்கே கேக்கும்" என்று அப்போதும் நீதான் என்னை அதட்டினாய்.

சங்கீதம் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. உன் கேசட்டுகளைப் போட்டுக் கேட்கிறேன், எது என்ன ராகம் என்று தெரியாமலேயே. நீ வாசித்ததில் எனக்கென்று மிஞ்சியிருப்பது காதால் கேட்டது இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ மேடைகளில் உன்னைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் ஒரு கன்னமும் ஒரு தோடும் வயலினும்தான் தெரியும். அந்த டிசம்பரில்தான், நீ சபையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததால், வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பதை முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். புருவம் லேசாக ஏறியிருந்தது. உதடு எதையோ சொல்ல வந்து நின்றிருந்தது. பயம் துளிகூட இல்லை. உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எதிரே வந்து உட்காருவது அந்த முகம்தான்.